முதல் கிம்பல் வாங்கப் போகிறீர்களா? போனை முதலில் தராசில் வையுங்கள்

பங்குனி உற்சவத்தில் அறுபத்து மூவர் வீதியுலா. முழங்கால் வலியால் பாட்டியால் அந்த வருஷம் மாட வீதிக்கு வர முடியவில்லை. அவருக்குக் காட்டவேண்டும் என்றே வீடியோ ஆடாமல் இருக்கப் போனை மாட்டிப் பிடிக்கும் ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி, மயிலாப்பூர் கூட்டத்துக்குள் நடந்து நடந்து எடுத்தேன். வீட்டுக்கு வந்து டிவியில் போட்டால், மூன்றாவது நிமிஷமே பாட்டி கண்ணை மூடிக்கொண்டார். "தலை சுத்துதுடா கண்ணா, நிறுத்திடு."

படம் பக்கவாட்டில் சாயவில்லை. ஆனால் ஒவ்வொரு காலடிக்கும் இடமும் வலமுமாக வெட்டி வெட்டி ஆடியது. காரணம் பிறகுதான் புரிந்தது. நான் வாங்கியது ஒரே ஒரு மோட்டார் வைத்த செல்ஃபி ஸ்டிக். பெட்டியில் மட்டும் கிம்பல், அதாவது மோட்டார்களால் போனை ஆடாமல் பிடிக்கும் கைப்பிடி, என்று பெரிதாக அச்சிட்டிருந்தார்கள்.

குறைந்த செலவில் முதல் கிம்பல் வாங்கும் யாரும் அப்படி ஏமாறக்கூடாது என்பதற்காக, நான் இப்போது பின்பற்றும் முறையை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: எது நிற்கும், எது நிற்காது என்று தெரிந்துகொள்ளுங்கள்

உங்கள் தலையை வைத்தே புரிந்துகொள்ளலாம். "வேண்டாம்" என்று இடம் வலமாகத் திருப்புவது பான். "ஆமாம்" என்று மேலும் கீழும் ஆட்டுவது டில்ட். நம் ஊரில் "சரி சரி" என்று தோள் பக்கமாகச் சாய்த்து ஆட்டுவோமே, அது ரோல். இந்த மூன்று அசைவுக்கும் தலா ஒரு மோட்டார் இருந்தால்தான் அது மூன்று அச்சு கிம்பல். உள்ளே இருக்கும் கைரோஸ்கோப்பும் ஆக்ஸிலரோமீட்டரும் கை எவ்வளவு திரும்பியது என்று நொடிக்குப் பலமுறை அளக்கின்றன. மோட்டார்கள் அதே அளவு எதிர்ப்பக்கம் திருப்பிவிடுகின்றன. கை ஆடினாலும் போன் ஆடாமல் நிற்பது இப்படித்தான்.

ஒற்றை அச்சு சாதனம் பெரும்பாலும் ரோலை மட்டும் பிடிக்கும். இரண்டு அச்சு வகையில் பான் மோட்டார் இருக்காது. நடந்துகொண்டே எடுக்கும்போது கண்ணை உறுத்துவது அந்த இடவல ஆட்டம்தான். அதனால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் மூன்று அச்சுக்குக் கீழே இறங்காதீர்கள்.

இன்னொரு விஷயம், பலரும் வாங்கிய பிறகே கண்டுபிடிப்பது: மூன்று அச்சும் இருந்தாலும் கிம்பல் திருப்பத்தைத்தான் சரிசெய்யும். நடக்கும்போது உடம்பு முழுவதும் மேலே எழுந்து கீழே இறங்குகிறதே, அதைச் சரிசெய்யாது. 1970-களில் கேரட் பிரவுன் என்ற அமெரிக்க ஒளிப்பதிவாளர் உருவாக்கிய ஸ்டெடிகேமில் மோட்டாரே கிடையாது. ஆனால் உடம்போடு கட்டிய ஸ்பிரிங் கை ஒன்று உண்டு. அந்த மேல்கீழ் குலுக்கலை வாங்கிக்கொள்வது அதுதான். கையில் பிடிக்கும் மலிவு கிம்பலில் அந்த ஸ்பிரிங் இல்லை. அந்த வேலையை உங்கள் முழங்கால் செய்யவேண்டும். அதைக் கடைசியில் பார்ப்போம்.

படி 2: உங்களுக்கு உண்மையில் தேவையா?

உட்கார்ந்து பேசும் வீடியோ, சமையல் வீடியோ என்றால் டிரைபாட் போதும். கிம்பலுக்குச் செலவு செய்யாதீர்கள். பகல் வெளிச்சத்தில் மெதுவாக நடந்து எடுப்பதென்றால் போனில் உள்ள ஸ்டெபிலைசேஷனே ஓரளவு சமாளித்துவிடும். அது படத்தின் ஓரங்களை வெட்டி, மீதியை நகர்த்தி ஆட்டத்தை மறைக்கிறது. இரவில்தான் அதன் பலவீனம் தெரியும். வெளிச்சம் குறைந்தால் ஷட்டர் வேகம் குறையும். ஷட்டர் திறந்திருக்கும்போதே கை ஆடினால் ஒவ்வொரு ஃபிரேமும் கலங்கியே பதிவாகும். அதை எவ்வளவு நகர்த்தினாலும் தெளிவு திரும்பாது. கிம்பலோ போனையே ஆடாமல் பிடிப்பதால் கலங்கலே குறைகிறது. கல்யாண ரிசப்ஷன், இரவு நேர சாமி புறப்பாடு, வாடகை வீட்டைச் சுற்றிக் காட்டும் வீடியோ, தி.நகர் ரங்கநாதன் தெரு மாதிரி கூட்டத்துக்குள் நடப்பது, இவையெல்லாம் கிம்பல் கேட்கும் வேலைகள்.

படி 3: எடை போடுங்கள்

இந்தப் பதிவில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

போனைக் கவரோடு மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசில் வைத்து கிராமைக் குறித்துக்கொள்ளுங்கள். "அண்ணே, இதை ஒரு நிமிஷம் வெச்சுப் பாத்துக்கறேன்" என்றால் யாரும் மறுக்கமாட்டார்கள். பிறகு கவரைக் கழற்றிவிட்டு மறுபடி ஒருமுறை. மைக்கோ கூடுதல் லென்ஸோ மாட்டும் பழக்கம் இருந்தால் அதையும் சேர்த்து ஒருமுறை. கையோடு ஸ்கேலை எடுத்து அகலத்தையும் தடிமனையும் மில்லிமீட்டரில் அளந்துவிடுங்கள்.

எதற்கு இவ்வளவு என்று கேட்கலாம். உதாரணத்துக்கு டிஜேஐ ஆஸ்மோ மொபைல் 6 தாங்கும் எடை 170 முதல் 290 கிராம். போனின் அகலம் 67 முதல் 84 மில்லிமீட்டருக்குள்ளும், தடிமன் 6.9 முதல் 10 மில்லிமீட்டருக்குள்ளும் இருக்கவேண்டும். ஐபோன் 14 ப்ரோ மேக்ஸ் கவர் இல்லாமலேயே 240 கிராம். அதன்மேல் தடித்த ரப்பர் கவரும் ஒரு சின்ன மைக்கும் சேர்ந்தால் எல்லையைத் தொட்டுவிடும். கவரின் தடிமனால், போனைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் சரியாக உட்காராமலும் போகலாம். எல்லையில் வைத்து ஓட்டினால் மோட்டார் சூடாகும், பேட்டரி சீக்கிரம் இறங்கும், திடீரென்று போன் தலை குப்புறத் தொங்கும். அதிகபட்ச எடையில் முக்கால் பங்குக்குள் உங்கள் போன் அடங்குகிறதா என்று பார்ப்பது என் கணக்கு. கனமான போன் என்றால் ஹோஹெம் ஐஸ்டெடி எம்6 மாதிரி 400 கிராம் வரை தாங்கும் மாடல் பக்கம் போவது நிம்மதி.

குறைந்தபட்ச எடை என்றும் ஒன்று உண்டு, அதைக் கவனியுங்கள். போன் ரொம்ப லேசாக இருந்தாலும் பேலன்ஸ் கெடும்.

கேமரா வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்குதான், எண்கள்தான் பெரிதாகும். சோனி இசட்வி-இ10 பேட்டரியோடு 343 கிராம். அதோடு சேர்த்து விற்கும் 16-50 கிட் லென்ஸ் 116 கிராம். மொத்தம் 459. ஜியூன் கிரேன் எம்2 தாங்குவது 720 கிராம் வரை, இது தாராளமாகப் பொருந்தும். ஆனால் நாளைக்குப் பெரிய லென்ஸ் வாங்கும் எண்ணம் இருந்தால், 2 கிலோ தாங்கும் டிஜேஐ ஆர்எஸ் 3 மினி மாதிரி ஒன்றுக்குக் காசு சேர்த்துவிட்டுப் போவது நல்லது. சின்னதை வாங்கி, விற்று, பெரியதை வாங்குவதுதான் உண்மையில் கூடுதல் செலவு.

படி 4: எது வேண்டும், எது இல்லாவிட்டாலும் பரவாயில்லை

ஆளைப் பின்தொடரும் ட்ராக்கிங், கை காட்டினால் படம் எடுக்கும் வசதி, வண்ண விளக்கு, இவற்றுக்காகவெல்லாம் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். தனியாக வீடியோ எடுப்பவருக்கு மட்டும் ட்ராக்கிங் பயன்படும். கட்டாயம் வேண்டியவை ஃபாலோ மோட் (கை திரும்பும் பக்கம் போனும் மெதுவாகத் திரும்புவது), லாக் மோட் (கை திரும்பினாலும் போன் ஒரே திசையைப் பார்ப்பது), ஒரு கையில் எட்டும் ஜாய்ஸ்டிக், டைப்-சி சார்ஜிங், அடியில் டிரைபாட் திருகு.

பெட்டியில் போட்டிருக்கும் பேட்டரி நேரம் நன்றாகப் பேலன்ஸ் செய்து அளந்தது. கூட்டத்தில் ஓடியாடி எடுக்கும்போது அவ்வளவு வராது.

ஆப் பற்றி ஒரு வார்த்தை. சில ஆண்ட்ராய்டு போன்களில் கிம்பல் கம்பெனியின் ஆப்புக்குள் 4கே அல்லது 60 ஃபிரேம் வராது. போனின் சொந்த கேமராவில் எடுத்தாலும் ஆட்டம் நிற்கும், ஏனென்றால் ஆட்டத்தை நிறுத்துவது மோட்டார்தான், ஆப் அல்ல. கிம்பலின் பட்டனை அழுத்தினால் போனின் சொந்த கேமரா ப்ளூடூத் வழியாக ரெக்கார்ட் ஆகிறதா என்று மட்டும் சோதித்துக்கொள்ளுங்கள். கிம்பலில் மாட்டியபின், போனிலேயே ஆட்டத்தைக் குறைக்கும் சூப்பர் ஸ்டெடி மாதிரி மோட்களை அணைத்துவிடுங்கள். ஓரம் வெட்டுப்படாமல் முழுப்படமும் கிடைக்கும்.

படி 5: கடைக்குப் போய் உங்கள் போனையே மாட்டிப் பாருங்கள்

சென்னையில் இருப்பதன் பெரிய வசதி இது. ரிச்சி ஸ்ட்ரீட்டும் எல்லிஸ் ரோடும் மவுண்ட் ரோட்டை ஒட்டியே இருக்கின்றன. கேமரா சாமான்களுக்கு நான் முதலில் போவது எல்லிஸ் ரோடு. ஞாயிற்றுக்கிழமை போய் ஏமாறாதீர்கள், பல கடைகள் மூடியிருக்கும். வார நாளில், கூட்டம் சேர்வதற்கு முன் போனால் நிதானமாகப் பார்க்கலாம்.

"அண்ணா, டெமோ பீஸ் இருக்கா? என் போனை மாட்டிப் பாக்கணும்" என்று நேராகவே கேளுங்கள். "மாட்டிக்கப்பா" என்று கொடுப்பவர் கடையில் வாங்குங்கள். பெட்டியைப் பிரிக்கவே மாட்டேன் என்றால் அடுத்த கடை.

கையில் வாங்கியதும் ஆன் செய்யாமலேயே போனை மாட்டுங்கள். கிளாம்பில் இப்படி அப்படி நகர்த்தி, போன் எந்தப் பக்கமும் விழாமல் ஏறக்குறைய மட்டமாக நிற்கும் இடத்தைப் பிடியுங்கள். அந்த இடமே கிடைக்கவில்லை என்றால் அந்த மாடல் உங்கள் போனுக்கு ஆகாது. கிடைத்தால் ஆன் செய்து காதருகே வைத்துக் கேளுங்கள். தொடர்ந்து கிர்ரென்ற அதிர்வு வந்தால் மோட்டார் திணறுகிறது என்று அர்த்தம். அப்புறம் கடையின் ஷெல்ஃப் விளிம்பு போல நேரான கோடு ஒன்றைத் திரையில் வைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். திரும்பி வந்தபோது கோடு சாய்ந்திருந்தால் கேலிப்ரேட் செய்துதரச் சொல்லுங்கள், அதாவது எது மட்டம் என்று சென்சாருக்கு மறுபடி சொல்லிக்கொடுப்பது. அதன் பிறகும் சாய்ந்தால் வேறு பீஸ். ரெக்கார்டிங்கை ஓடவிட்டு ஐந்து நிமிஷம் கையிலேயே வைத்திருங்கள். மணிக்கட்டு வலிக்கிறதா, மோட்டார் சூடாகிறதா, பதிவில் மோட்டார் சத்தம் கேட்கிறதா என்று மூன்றும் ஒரே நேரத்தில் தெரிந்துவிடும்.

மாடிப்படி இருந்தால் அனுமதி கேட்டு ஒருமுறை இறங்கி ஏறுங்கள். வாங்கினால் ஜிஎஸ்டி பில்லும், வாரண்டி யார் பொறுப்பு என்பதும் கையில் இருக்கவேண்டும். விலை குறைத்துத் தருகிறேன், பில் வேண்டாம் என்பவரிடம் வாங்காதீர்கள். உள்ளே இருப்பது மோட்டாரும் சென்சாரும். பழுதானால் தெருமுனை செல்போன் கடையில் சரிசெய்வது கஷ்டம்.

இன்னும் தயக்கம் இருந்தால் ஒருநாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். சினிமாத் தொழில் புழங்கும் வடபழனி, சாலிகிராமம் பக்கம் சாமான் வாடகைக்குக் கிடைக்கும். அடையாள அட்டையும் முன்பணமும் கேட்பார்கள்.

படி 6: முதல் வாரம்

கேலிப்ரேஷனை வீட்டில், மட்டமான தரையில், அசைவில்லாமல் வைத்துச் செய்யுங்கள். மெட்ரோவிலோ காரிலோ போகும்போது செய்தால் சென்சார் அந்த ஆட்டத்தையே மட்டம் என்று எடுத்துக்கொள்ளும். போனை மாட்டிய பிறகுதான் ஆன் செய்யவேண்டும், ஆஃப் செய்த பிறகுதான் கழற்றவேண்டும். மெரினாவுக்கும் பெசன்ட் நகர் பீச்சுக்கும் தாராளமாகக் கொண்டு போகலாம், ஆனால் மணலில் கீழே வைக்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் உப்புக் காற்று பட்ட இடங்களை உலர்ந்த துணியால் துடைத்து, சிலிகா ஜெல் பாக்கெட் போட்ட டப்பாவில் வையுங்கள். பலத்த கடல் காற்றில் மோட்டார் திணறும். அப்போது காற்றுக்கு முதுகு காட்டி நின்று எடுங்கள்.

இனி முழங்கால். தண்ணீர் லாரியிலிருந்து நிறைகுடத்தை இடுப்பில் வைத்து, ஒரு சொட்டு சிந்தாமல் நடந்து போகும் அம்மாக்களைக் கவனித்திருப்பீர்கள். இடுப்புக்கு மேலே உடம்பு மட்டமாகவே போகும், குலுக்கல் எல்லாம் கீழேயே அடங்கிவிடும். அந்த நடைதான் வேண்டும். மொட்டைமாடிக்குப் போய், ஒரு டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, கிம்பலைப் பிடிப்பதுபோல் முன்னால் நீட்டிப் பிடியுங்கள். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, குதிகாலை முதலில் வைத்து விரல் வரை உருட்டி, சின்னச் சின்ன அடியாக நடந்து பாருங்கள். முதல் நாள் பாதித் தண்ணீர் தரையில் இருக்கும். சிந்துவது நின்றதும் டம்ளரை வைத்துவிட்டு கிம்பலை எடுத்துக்கொண்டு அதே தூரம் நடங்கள். எடுத்ததைப் போன் திரையில் பார்க்காமல் டிவியில் போட்டு, வீட்டில் வயதானவர் ஒருவரை உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.