கறுத்ததெல்லாம் கிராஃபீன் அல்ல: லேசர் வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவரைப் போல, லேசர் பட்டுக் கறுத்ததெல்லாம் கிராஃபீன் (கார்பன் அணுக்கள் தேன்கூடு போல அடுக்காக அமைந்த, மின்சாரம் கடத்தும் பொருள்) என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். கார்பன் டை ஆக்சைடு லேசரைக் கொண்டு பாலிஇமைடு என்னும் வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக் ஃபிலிமின் மேல் நுண்துளைகள் நிறைந்த கிராஃபீனைத் திறந்த காற்றிலேயே உருவாக்கலாம் என்பதை, அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டூர் குழுவினர் 2014இல் வெளியிட்டார்கள். பாளையங்கோட்டைப் பக்கம் அக்ரிலிக் பெயர்ப்பலகையும் நினைவுக் கேடயமும் வெட்டித் தருகிற கடையில் அத்தகைய இயந்திரம் இருந்தால், வளையும் சென்சார் செய்ய விரும்பும் பொறியியல் மாணவருக்கு அதுவே போதும். ஆனால் அந்தக் கடைக்கு எதை எடுத்துச் செல்கிறோம் என்பதில்தான் முதல் தவறு நேர்கிறது.

வளையும் பிளாஸ்டிக் எதுவானாலும் சரி என்று எண்ணி ஃபிளக்ஸ் பேனர் துண்டையோ ரெக்சினையோ லேசரில் வைத்துவிடக் கூடாது. இவை பெரும்பாலும் பி.வி.சி.யால் ஆனவை, லேசர் பட்டதும் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை வெளிவிட்டு, நுரையீரலையும் இயந்திரத்தின் லென்ஸையும் தண்டவாளத்தையும் சேர்த்தே அரிக்கும். பெட் (தண்ணீர் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக்) ஃபிலிம் அந்த அளவுக்கு ஆபத்தானதன்று. உருகி ஓட்டையாகும், அவ்வளவுதான். பாலிஇமைடிலும் புகை உண்டு, அதில் கார்பன் மோனாக்சைடும் சிறிதளவு ஹைட்ரஜன் சயனைடும் கலந்திருக்கும் என்பதால், புகைபோக்கி இல்லாத அறையில் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. நம் ஊரில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: புகைக்குழாயின் வாய் மேற்கு நோக்கி இருந்தால், ஆனி ஆடியில் வீசும் மேல்காற்று வெளியேறிய புகையை அப்படியே அறைக்குள் திருப்பி அனுப்பிவிடும்.

சிரட்டையிலும் கிராஃபீன் வரும் என்று படித்துவிட்டு, ஒரே ஓட்டத்தில் கறுப்பாக்கி மகிழ்வதும் உண்டு. சிரட்டையில் லிக்னின் (மரத்துக்கு உறுதி தரும் பொருள்) மிகுதி என்பதால் அது உண்மையிலேயே கிராஃபீனாகும். ஆனால் முதல் ஓட்டம் தருவது பெரும்பாலும் கரிதான். அந்தக் கரியின் மேல் லேசர் மீண்டும் படும்போதே அணுக்கள் அடுக்காக ஒழுங்குபடுகின்றன. குவியத்தைச் சற்றே விலக்கிவைத்து ஒரே இடத்தைப் பலமுறை தொடச் செய்வது இதற்காகத்தான். கண்ணுக்குக் கரியும் கிராஃபீனும் ஒன்றே. ராமன் நிறமாலையில் (பொருளின் மேல் பட்ட ஒளி எப்படிச் சிதறுகிறது என்பதைக் காட்டும் வரைபடம்) 2700 செ.மீ.⁻¹ அருகே கூர்மையான முகடு தெரிகிறதா என்று பார்ப்பதே சான்று. அந்த முகடு தெரிந்தாலும், கிடைத்திருப்பது துளைகளும் குறைகளும் கொண்ட பல அடுக்குப் பொருள் என்பதால், ஒற்றை அடுக்குக் கிராஃபீனுக்குரிய எண்களை அதன்மேல் ஏற்றிச் சொல்லக் கூடாது.

நீல டையோடு லேசர் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கார்பன் டை ஆக்சைடு லேசரின் கதிரைத் தடுக்கிற நிறமற்ற பாதுகாப்புக் கண்ணாடி, நீல ஒளியைத் தடுக்காது.

எனக்குத் தெரிந்தவரை அதிகமான தவறுகள் நேர்வது அளப்பதில்தான். லேசர் இட்ட கிராஃபீன், விரல் பட்டாலே கறுப்பாக ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு மென்மையானது. மல்டிமீட்டரின் முனையை அதன்மேல் அழுத்தினால் துளைகள் நசுங்கி, அழுத்தத்துக்கு ஏற்ப எண் மாறிக்கொண்டே இருக்கும். இரு முனைகளிலும் வெள்ளிப் பசை தடவி, உலர்ந்த பிறகு அதன்மேல் இணைப்புக் கொடுக்க வேண்டும். இயன்றால் நான்கு முனை முறையில் (மின்னோட்டம் செலுத்த இரண்டு முனை, மின்னழுத்தம் அளக்க வேறு இரண்டு முனை) அளக்க வேண்டும். 20 மி.மீ. நீளமும் 4 மி.மீ. அகலமும் உள்ள பட்டை 150 ஓம் காட்டினால், அதில் 4 மி.மீ. பக்கமுள்ள ஐந்து சதுரங்கள் அடங்குவதால் சதுரத்துக்கு 30 ஓம் என்று கணக்கிட வேண்டுமே தவிர, 150 என்று எழுதிவைத்துப் பிறருடைய முடிவோடு ஒப்பிடுவது பொருளற்றது. லேசர் ஓடிய கோட்டின் திசையிலும் அதற்குக் குறுக்கிலும் மின்தடை வேறுபடக்கூடும் என்பதால், எந்தத் திசையில் அளந்தோம் என்பதையும் குறிக்க வேண்டும். லேசரின் திறனையும் வேகத்தையும் மட்டும் எழுதிவிட்டு, கதிர்ப்புள்ளியின் அளவையும் கோடுகளுக்கிடையிலான தூரத்தையும் எழுதாமல் விட்டால், அடுத்த இயந்திரத்தில் அதே வேலையைச் செய்ய யாராலும் முடியாது.

இந்த மென்மையான கறுப்பைச் சிலிக்கோன் ரப்பரோடு கலவைப்பொருளாக்கும்போது, திரவச் சிலிக்கோனை ஃபிலிமின் மேல் ஊற்றியதும் சூடாக்கிவிடுவது பலர் செய்யும் அவசரம். வெற்றிடத்தில் வைத்துக் குமிழ்களை வெளியேற்றினால்தான் சிலிக்கோன் துளைகளுக்குள் இறங்கும். இல்லாவிட்டால் இறுகிய சிலிக்கோனைக் கறுப்போடு ஃபிலிமிலிருந்து உரிக்கும்போது பாதிக் கறுப்பு ஃபிலிமிலேயே தங்கிவிடும். இரண்டு நாளானாலும் பிசுபிசுப்பு மாறவில்லை என்றால், கலவை விகிதத்தைச் சந்தேகிப்பதற்கு முன் கையுறையைப் பாருங்கள்: இயற்கை ரப்பர் கையுறையில் உள்ள கந்தகம், சிலிக்கோனை இறுகச் செய்யும் பிளாட்டினம் வினையூக்கியைச் செயலிழக்கச் செய்துவிடும். நைட்ரைல் கையுறையிலும் கந்தகம் இருக்கக்கூடும் என்பதால், சிறு துளியில் சோதித்துப் பார்ப்பது நல்லது. உரித்தெடுத்த பிறகு வெளியே தெரிவது கிராஃபீனின் அடிப்பக்கம் என்பதையும் மறக்கக் கூடாது. மேற்பக்கத்தில் ஒட்டிய கம்பி சிலிக்கோனுக்குள் புதைந்திருக்கும், அதன் முனையை முன்கூட்டியே வெளியே நீட்டிவைக்க வேண்டும்.

வளைத்துச் சோதிக்கும்போது, விரலால் மடக்கிக் காட்டுவது சோதனை ஆகாது. 125 மைக்ரான் ஃபிலிமை 10 மி.மீ. விட்டமுள்ள கம்பியின் மேல் சுற்றினால் வெளிப்பரப்பில் ஏறத்தாழ 1.25 சதவீத இழுவிசைத் திரிபு (நீட்சி) உண்டாகிறது; இப்படி வெவ்வேறு கம்பிகளைக் கொண்டு தெரிந்த திரிபுகளைக் கொடுக்கலாம். ஆனால் வெப்பத்தாலும் ஈரப்பதத்தாலும் இதன் மின்தடை தானாகவே மாறும். சித்திரை வெயிலில் எடுத்த அளவும், ஐப்பசி மழையில் எடுத்த அளவும் ஒத்துப்போகவில்லை என்றால் சென்சார் கெட்டுவிட்டதாகக் கொள்ளத் தேவையில்லை. அதே ஃபிலிமில் வளைக்காத இரண்டாவது பட்டை ஒன்றையும் லேசரில் இட்டு, அதையும் சிலிக்கோனால் மூடி, இரண்டையும் ஒரே நேரத்தில் அளந்து கழித்துக்கொண்டால், மீதம் நிற்பது பெரும்பாலும் வளைவினால் வந்த மாற்றமாக இருக்கும்.