டிராகன் கானில் அறிவியல் அமர்வுக்கு இடம் பிடிக்க

டிராகன் கானில் ஓர் அறிவியல் அமர்வைத் தவறவிடக் கூடாது என்றால், அதே அறையில் அதற்கு முன்னால் நடக்கும் அமர்வுக்கே போய் உட்கார்ந்துவிடுங்கள்.

அமெரிக்காவின் அட்லாண்டாவில் செப்டம்பரின் முதல் திங்கட்கிழமையை ஒட்டிய விடுமுறையில் நடக்கும் இந்த அறிவியல் புனைகதை ரசிகர் மாநாடு பல ஹோட்டல்களில் பரவிக் கிடக்கும். ஆனால் அறிவியல், விண்வெளி போன்ற பிரிவுகளின் அமர்வுகள் பெரும்பாலும் தத்தம் அறையிலேயே அடுத்தடுத்து நடக்கும். பேச்சு பொதுவாக ஒரு மணி நேரம், இடைவெளி அரை மணி. ஹயாட்டிலிருந்து மேரியட் வழியாக ஹில்டனுக்கு நடைபாலத்தில் ஊர்ந்து போகவே அந்த அரை மணி சரியாக இருக்கும். நடுவில் கதாபாத்திர வேடமிட்டு வந்தவர்களைப் படமெடுக்க ஆட்கள் நின்றுவிடுவார்கள். மேரியட் லிஃப்டை நம்பினால் அவ்வளவுதான். முந்தைய அமர்வு சுமாராக இருந்தாலும் நாற்காலி கையில் இருக்கும்.

சினிமா நட்சத்திரங்கள் வரும் பெரிய அரங்குகளில் இது பலிக்காது. அங்கே ஒவ்வொரு முறையும் அரங்கைக் காலி செய்யச் சொல்வார்கள், மறுபடி வெளியே வரிசைதான். அப்புறம், இடம் பிடிக்க நாற்காலியில் பையை வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.