மலை ஜீப்பின் இன்ஜின் போனபோது

தாண்டிக்குடி ஏற்றத்தில் எங்கள் 1996 மாடல் ஜீப்பின் ரேடியேட்டர் ஹோஸ் வெடித்தது. சூட்டுமுள் சிவப்பைத் தொட்டும் ஒரு வளைவு ஏறிவிட்டேன். வண்டி அதிர்ந்து நின்றது. டிப்ஸ்டிக்கை உருவினால் ஆயில் பால்காப்பி நிறத்தில் இருந்தது. தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது என்று அப்போதே புரிந்தது.

மெக்கானிக் அண்ணன் இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி ஸ்கேல் வைத்துப் பார்த்தார். வளைந்திருந்தது. இரண்டாவது சிலிண்டரில் நகம் மாட்டும் அளவுக்குக் கீறல்.

"தம்பி, எடைக்குப் போட்டா இரும்பு விலைதான். வேற இன்ஜின் மாத்திடலாமா?" என்றார்.

வேறு வகை இன்ஜின் என்றால் மவுண்ட் முதல் கியர்பாக்ஸ் இணைப்பு வரை மாற வேண்டும். ஆர்டிஓ அனுமதி வாங்கி ஆர்சியிலும் பதிய வேண்டும். அதைவிட முக்கியமாக, வண்டிக்கு அடியில் படுத்து, அடிச்சட்டமான சேஸிஸைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். எங்கும் துரு தின்னவில்லை. ஃபோர்வீல் கியரும் நன்றாக விழுந்தது. சேஸிஸ் போயிருந்தால் விற்றிருப்பேன். சரி, பழைய இன்ஜினையே பிழைக்க வைப்போம் என்று முடிவெடுத்தேன்.

லேத்தில் நான்கு சிலிண்டரையும் அரை மில்லிமீட்டர் போரிங் செய்து, அதாவது உட்சுவரைக் கடைந்து அகலமாக்கி, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டோம். ஹெட்டைச் சமமாகச் சீவி, கசிவை அடைக்கும் புது கேஸ்கெட் வைத்து, போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, முறுக்கு அளவு காட்டும் டார்க் ரெஞ்சால் மூன்று சுற்றாக முறுக்கினோம். ரேடியேட்டரைப் பிரித்துக் கழுவினால் சேறாக வந்தது. வினையே அங்கேதான். ஹோஸ், தெர்மோஸ்டாட் எல்லாம் புதிது.

முதல் 500 கிலோமீட்டர் பாரம் ஏற்றாமல் ஓட்டி, ஆயிலை மாற்றினேன். அப்புறம்தான் காப்பி மூட்டையோடு மலை ஏறினேன்.