அடல்ட் டிராஃபிக்கில் விளம்பரம் ஓட்டுபவர்கள் பணத்தைக் கோட்டை விடும் இடங்கள்

பாலியல் தளங்களின் விளம்பர இடங்களை விற்கும் எக்ஸோகிளிக், டிராஃபிக்ஸ்டார்ஸ், டிராஃபிக்ஜங்கி போன்ற நெட்வொர்க்குகளில் டேட்டிங் தளங்களுக்கும் வெப்கேம் தளங்களுக்கும் விளம்பரம் ஓட்டப் புதிதாக வருபவர்கள், ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் தடுக்கி விழுகிறார்கள். இன்று இந்தத் தொழிலில் நன்றாகச் சம்பாதிப்பவர்களும் ஒரு காலத்தில் அதே இடங்களில் விழுந்தவர்கள்தான். ஆஃபர் (ஆளைப் பதிவு செய்ய வைத்தால் கமிஷன் தரும் தளம்) ஏற்காத நாட்டுக்கு விளம்பரம் போடுவது, தினசரி பட்ஜெட் வைக்காமல் தூங்கப் போவது போன்றவை ஒரு முறை சுட்டாலே புரிந்துவிடும். இங்கே சொல்பவை பல மாதம் சுட்டும் புரியாத தவறுகள்.

அதற்கு முன் ஒன்று. இந்தியாவில் இருந்து வேலை செய்கிறீர்கள் என்றால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 67ஏ-யைப் படித்துவிடுங்கள். வெளிப்படையான பாலியல் காட்சிகளை மின்னணு வடிவில் வெளியிட்டாலோ பரப்பினாலோ முதல் முறைக்கே 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். பேனரும், கிளிக் செய்தவர் வந்து சேரும் லேண்டிங் பேஜும்கூட வெளியீடாகவே பார்க்கப்படலாம். எந்த நாட்டை இலக்காக வைக்கிறீர்கள், உங்கள் பக்கத்தில் என்ன படம் இருக்கிறது என்பதை வைத்து ஒரு வக்கீலிடம் பேசிவிட்டு ஆரம்பியுங்கள்.

போஸ்ட்பேக் சரியாக இருக்கிறது என்று நம்பிவிடுவது

நெட்வொர்க் ஒவ்வொரு கிளிக்குக்கும் ஓர் அடையாள எண் தருகிறது. அது டிராக்கருக்கு (கிளிக்கையும் வரவையும் பதிவு செய்யும் மென்பொருள்) போய், அங்கிருந்து ஆஃபர் லிங்க்கில் ஏறி, ஆள் பதிவு செய்ததும் அதே எண் திரும்பி டிராக்கருக்கும் நெட்வொர்க்குக்கும் வர வேண்டும். இப்படித் திரும்பி வருவதுதான் போஸ்ட்பேக். இந்தச் சங்கிலி பெரும்பாலும் அறுவது ப்ரீலேண்டரில்தான். நடுவில் மூன்று கேள்வி கேட்கும் ஒரு பக்கத்தை வைப்பார்கள். அதன் பொத்தானில் டிராக்கரின் கிளிக் லிங்க்கை வைக்காமல் ஆஃபர் லிங்க்கையே நேராக ஒட்டிவிடுவார்கள். ஆள் பதிவு செய்கிறார், கமிஷனும் வருகிறது. ஆனால் எந்த ஜோனில் (விளம்பர இடத்தில்) இருந்து, எந்த பேனரில் இருந்து வந்தார் என்பது காணாமல் போகிறது.

சரிபார்க்க இருபது நிமிடம் போதும். உங்கள் விளம்பர லிங்க்கைப் போனில் திறந்து, ஆஃபர் பக்கம் வரை போய், முகவரிப் பட்டையில் கிளிக் எண் இருக்கிறதா என்று பாருங்கள். நீங்களே பதிவு செய்து சோதிக்க வேண்டாம். பல புரோகிராம்களில் அது விதிமீறல், கணக்கையே முடக்குவார்கள். ஆஃபர் தரப்பில் உங்களைக் கவனிக்கும் அஃபிலியேட் மேனேஜரிடம் கேட்டால் ஒரு டெஸ்ட் கன்வர்ஷன் (பதிவு நடந்ததுபோல ஒரு சோதனை) அனுப்புவார். அது டிராக்கரில் ஜோன் எண், தள எண், பேனர் எண் மூன்றோடும் பதிவானால்தான் பணத்தை இறக்கலாம்.

இருபது கிளிக்கைப் பார்த்து ஜோனுக்குத் தீர்ப்பு எழுதுவது

எவ்வளவு சொன்னாலும் திருந்தாத தவறு இது. இதனால் கெட்ட கேம்பைன்களைவிட நல்ல கேம்பைன்கள்தான் அதிகம் சாகின்றன, அதுதான் ஆற்றாமை.

ஜோன் என்பது ஒரு தளத்தில் விளம்பரம் வரும் ஒரு குறிப்பிட்ட இடம். வீடியோவுக்குப் பக்கத்தில் ஒன்று, மேலே ஒன்று, பக்கத்தின் அடியில் ஒன்று என ஒரே தளத்துக்கே பல ஜோன்கள் இருக்கும். நெட்வொர்க் முழுவதும் திறந்துவிட்டால் உங்கள் பேனர் சில நூறு ஜோன்களில் ஓடும். மறுநாள் காலையில் டிராக்கரைத் திறக்கும் ஆள், கன்வர்ஷன் வராத ஜோன்களை எல்லாம் பிளாக்லிஸ்டில் தள்ளுகிறார், வந்தவற்றை வொயிட்லிஸ்டில் ஏற்றி பிட்டை (ஏலத்தில் கேட்கும் விலையை) கூட்டுகிறார். பார்க்க ஒழுங்கான வேலை மாதிரிதான் தெரியும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பதிவுக்கு 4 டாலர் கமிஷன், கிளிக்குக்கு 2 சென்ட் செலவு என்று வைத்துக்கொள்வோம். 200 கிளிக்குக்கு ஒரு கன்வர்ஷன் வந்தால் வரவும் செலவும் சரிக்குச் சரி. இப்போது 300 ஜோன், ஒவ்வொன்றிலும் 20 கிளிக், மொத்தச் செலவு 120 டாலர். எல்லா ஜோன்களும் தரத்தில் அச்சு அசலாக ஒன்றே என்று எடுத்துக்கொள்ளுங்கள், எல்லாமே சரிக்குச் சரி வகை. 6,000 கிளிக்குக்கு ஏறத்தாழ 30 கன்வர்ஷன் வரும். அவை சுமார் 28, 29 ஜோன்களில் விழும். அந்த ஒவ்வொரு ஜோனிலும் 40 சென்ட் செலவுக்கு 4 டாலர் வரவு என்று திரையில் பச்சையாக மின்னும். மீதி 270-க்கு மேற்பட்டவை சிவப்பு.

பச்சையாக இருந்தவற்றுக்கும் சிவப்பாக இருந்தவற்றுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. சீட்டு எங்கே விழுந்ததோ அதுதான். ஆனால் நம் ஆள் 28 'தங்க' ஜோன்களை வைத்துக்கொண்டு மற்றதை மூடி, பிட்டையும் ஏற்றுகிறார். அடுத்த நாள் அந்த 28-ம் தங்கள் இயல்பான நிலைக்கே வருகின்றன. பிட் ஏறியதால் இப்போது நஷ்டம் வேறு. "நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை, நெட்வொர்க் ஏமாற்றுகிறது" என்று புலம்பல் தொடங்குவது இங்கேதான். நெட்வொர்க் எதையும் மாற்றவில்லை.

எவ்வளவு செலவு செய்த பிறகு ஒரு ஜோனை வெட்டலாம்? சரிக்குச் சரி நிற்கும் ஒரு ஜோனில், ஒரு கமிஷன் அளவுக்கு, அதாவது 200 கிளிக் வாங்கிய பிறகும் ஒன்றுகூட வராமல் இருக்க 37 சதவீத வாய்ப்பு உண்டு. இரண்டு கமிஷன் அளவு செலவழித்தால் அது 13 சதவீதம், மூன்று என்றால் 5 சதவீதம். போட்ட பணத்துக்கு இரட்டிப்பாகத் தரும் அருமையான ஜோன்கூட முதல் 200 கிளிக்கில் வெறுங்கையோடு நிற்க 13 சதவீத வாய்ப்பு. ஒரு கமிஷன் செலவானதும் வெட்டுகிறவர், ஏழெட்டு நல்ல ஜோனில் ஒன்றைத் தன் கையால் கொல்கிறார். மூன்று கமிஷன் அளவு செலவாகியும் பூஜ்யம் என்றால் வெட்டுங்கள். அதற்கு முன் தொடாதீர்கள்.

அப்படியானால் 300 ஜோனுக்கு 3,600 டாலர் ஆகுமே என்ற கேள்வி வரும். ஆகும். அதனால்தான் 300 ஜோனில் தொடங்கக் கூடாது. ஒரு நாடு, ஒரு சாதனம், ஒரு பேனர் அளவு, அதிக டிராஃபிக் உள்ள 10 ஜோன் என்று குறுக்குங்கள். ஜோனுக்கு 12 டாலர் வீதம் பத்துக்கும் சேர்த்து 120 டாலர். அங்கே 300 ஜோனில் தூவிய அதே 120. இங்கே அது பத்து ஜோனைப் பற்றி நம்பத்தக்க பதில் தருகிறது.

சீக்கிரம் வெட்டலாம் என்ற விதிவிலக்கு ஒன்று உண்டு. ப்ரீலேண்டரில் இருந்து ஆஃபர் பக்கத்துக்கு நகர்கிறவர்கள் சராசரி 25 சதவீதம் என்று உங்கள் டிராக்கர் காட்டுகிறது. ஆனால் ஒரு ஜோனில் 60 கிளிக்கில் ஒருவர்கூட நகரவில்லை. அது தற்செயலே இல்லை. ஆள் இல்லாமல் தானே கிளிக் செய்யும் பாட் ஆக இருக்கும், அல்லது விரல் தவறிப்படும் இடத்தில் பேனர் இருக்கும். உடனே மூடுங்கள். அடிக்கடி நடக்கும் செயலை வைத்துத் தீர்ப்புச் சொல்லச் சில டஜன் கிளிக் போதும். அரிதாக நடப்பதை வைத்துச் சொல்லத்தான் நூற்றுக்கணக்கில் வேண்டும். நெட்வொர்க் 100 கிளிக் என்கிறது, டிராக்கரில் 60-தான் வந்திருக்கிறது என்றாலும் இதே பார்வைதான். ஆனால் முதலில் உங்கள் பக்கம் மெதுவாகத் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு ஜோனைச் சந்தேகியுங்கள்.

கன்வர்ஷன் வருகிறது, ஆனால் நஷ்டம் என்ற ஜோனை மூட வேண்டியதில்லை. 40 டாலர் செலவு, 24 டாலர் வரவு என்றால் அந்த ஜோனுக்கு மட்டும் பிட்டை 40 சதவீதம் குறைத்துப் பாருங்கள். டிராஃபிக் குறையும், வருவது கட்டுப்படியானால் வைத்துக்கொள்ளலாம். தனித்தனியாகக் கணிக்க முடியாத சின்ன ஜோன்களை 'வீடியோ பக்கத்தில்', 'அடியில்' என்று இடவாரியாகச் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். தனியாகச் சொல்லாதது கூட்டத்தில் சொல்லும்.

வெப்கேம் தளங்களில் இன்னொரு சிக்கல். ஆள் இன்று இலவசமாகப் பதிவு செய்து, நான்கு நாள் கழித்து டோக்கன் வாங்குவார். விற்பனைக்குத்தான் கமிஷன் என்றால் இன்றைய கிளிக்கை இன்றைய வரவோடு ஒப்பிட்டு ஒரு பயனும் இல்லை. டிராக்கரில் அறிக்கையை கன்வர்ஷன் தேதிப்படி இல்லாமல் கிளிக் தேதிப்படி எடுத்து, ஒரு வாரம் பழுக்கவிட்டு, அப்புறம் கத்தியை எடுங்கள்.

மொபைலையும் டெஸ்க்டாப்பையும் ஒரே கேம்பைனில் போடுவது

பிரியுங்கள். விலை வேறு, பேனர் அளவு வேறு, ஆள் வேறு.

கிளிக் அதிகம் வரும் பேனரே நல்ல பேனர் என்று நினைப்பது

'உங்களுக்கு 3 செய்திகள்', 'உங்கள் போனில் வைரஸ்' மாதிரி பேனர்களுக்குக் கிளிக் விகிதம் எகிறும். வந்த ஆள் ஏமாந்ததை உணர்ந்து அடுத்த நொடியே போய்விடுவார். கிளிக்குக்குக் காசு கொடுப்பது நீங்கள். பேனர்களை ஆயிரம் காட்சிக்குச் செலவு போக எவ்வளவு மிச்சம் என்று வைத்து வரிசைப்படுத்துங்கள். கிளிக் விகிதத்தில் முதலில் நிற்கும் பேனர் இதில் கடைசிக்குப் போவது சகஜம்.

போலி எச்சரிக்கை வைத்த பக்கத்தை கூகுளின் சேஃப் பிரவுசிங் ஏமாற்றுப் பக்கம் என்று குறித்துவிட்டால், குரோமில் வருபவர் கண்ணில் படுவது சிவப்புத் திரைதான். விளம்பரம் ஓடிக்கொண்டே இருக்கும், பணம் போய்க்கொண்டே இருக்கும். டிராக்கரில் கிளிக் இருந்து, ப்ரீலேண்டரில் இருந்து நகர்பவர்கள் திடீரென்று பூஜ்யம் ஆனால் முதல் வேலையாக உங்கள் டொமைனை ஒரு பிரவுசரில் திறந்து பாருங்கள்.

படங்களில் ஒரு விஷயத்துக்குப் பேச்சே இல்லை. படத்தில் இருப்பவர் 18 வயது தாண்டியவர் என்பதற்கும் அவருடைய சம்மதத்துக்கும் உங்களிடம் ஆவணம் இருக்க வேண்டும். வயது குறைவோ என்ற ஐயம் எழுப்பும் முகமோ உடையோ சொல்லோ வரவே கூடாது. இணையத்தில் கண்ணில் பட்ட படத்தை எடுக்காதீர்கள். ஆஃபர் கொடுக்கும் நிறுவனமே தரும் படங்களைப் பயன்படுத்துங்கள்.

2023-க்கு முந்தைய அமெரிக்கக் கணக்கை வைத்து பிட் போடுவது

பாலியல் தளங்கள் வருபவரின் வயதைச் சரிபார்க்க வேண்டும் என்ற சட்டம் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 2023 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. பிறகு பல மாநிலங்கள் அதே வழியில் போயின. 2024 மார்ச்சில் போர்ன்ஹப் டெக்சஸில் இருந்து விலகியது. டெக்சஸ் சட்டம் செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2025 ஜூன் 27 அன்று தீர்ப்பளித்தது. பிரிட்டனில் 2025 ஜூலை 25 முதல் ஆன்லைன் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வயதைச் சரிபார்ப்பது கட்டாயம். அந்த வாரமே அங்கே இருப்பிடத்தை மறைக்கும் விபிஎன் செயலிகள் பதிவிறக்கப் பட்டியலின் உச்சிக்குப் போயின.

உங்கள் கேம்பைனுக்கு இதன் பொருள் இரண்டு. பெரிய தளம் விலகிய மாநிலத்தின் ஆட்கள் வேறு தளங்களுக்குப் போய்விட்டார்கள், எனவே அமெரிக்காவை ஒரே நாடாகப் பார்க்காமல் மாநிலவாரியாக அறிக்கை எடுங்கள். விபிஎன் வழியாக வருபவர் லண்டனில் உட்கார்ந்துகொண்டு நெதர்லாந்தில் இருப்பதாகத் தெரிவார்; டச்சு மொழிப் பக்கம் அவருக்குப் போகும், பிரிட்டன் ஆஃபரின் கமிஷனும் கிடைக்காது. பிரவுசர் மொழி ஆங்கிலம், நாடு நெதர்லாந்து என்று வரும் டிராஃபிக்கைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள்.

நேர மண்டலம்

டாஷ்போர்டு எந்த ஊர் நேரத்தைக் காட்டுகிறது என்று பார்க்காமல் மணிக்கணக்கு வைத்து விளம்பரத்தை நிறுத்த வேண்டாம்.

ஒரே பேனரை மாதக்கணக்கில் ஓட்டுவது

இந்தத் தளங்களுக்கு வருபவர்களில் பெரும்பகுதி தினமும் வரும் அதே ஆட்கள். ஒரே 300×250 பேனரை அவர்களுக்குத் திரும்பத் திரும்பக் காட்டினால் சில நாளிலேயே கண் அதைத் தாண்டிப் போகப் பழகிவிடும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 2 அல்லது 3 முறை என்று வரம்பு வையுங்கள். பிரவுசருக்குப் பின்னால் தனி ஜன்னலாகத் திறக்கும் பாப்அண்டருக்கு 24 மணி நேரத்தில் ஒரு முறை போதும். ஐந்தாறு பேனர்களோடு தொடங்கி, வாரம் ஒரு முறை கடைசி இரண்டை எடுத்துவிட்டுப் புதிது போடுங்கள். பின்னணி நிறத்தையும் சட்டகத்தையும் மாற்றினாலே பழைய படம் கொஞ்ச நாள் உயிர் பிடிக்கும்.

முழுப் பணத்தையும் ஒரே நெட்வொர்க்கில் வைப்பது

2022 ஆகஸ்டில் விசாவும் மாஸ்டர்கார்டும் டிராஃபிக்ஜங்கிக்கு அட்டைக் கட்டணத்தை நிறுத்தின. அன்று அட்டையை மட்டும் நம்பி இருந்தவர்களின் கேம்பைன்கள் நின்றன. இரண்டாவது கணக்கு ஒன்று, சின்ன பட்ஜெட்டிலாவது, ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

லாபம் வந்ததும் பிட்டை இரட்டிப்பாக்குவது

பிட்டை ஏற்றினால் அதே ஆட்கள் அதிகமாக வருவார்கள் என்று எண்ணம். ஏலத்தில் உங்கள் இடம் மாறும்போது வேறு நேரம், வேறு பக்கம், வேறு ஆட்கள் வருகிறார்கள்; பழைய கன்வர்ஷன் விகிதம் அவர்களுக்குப் பொருந்தாது. 10, 15 சதவீதமாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் குறைந்தது 20 கன்வர்ஷன் சேரும் வரை காத்திருங்கள். ஓடும் கேம்பைனைத் தொடவே பயமாக இருந்தால் அதன் நகல் ஒன்றை உயர்ந்த பிட்டில் போடலாம். ஆனால் இரண்டும் ஒரே ஜோனில் ஒன்றோடொன்று ஏலம் கேட்கும் என்பதால், நகலுக்குக் கொடுத்த ஜோன்களை மூலத்தில் இருந்து அன்றே எடுத்துவிடுங்கள்.