"தப்பு ஏதாவது இருந்தா மன்னிச்சிடுங்க": ஒப்புரவில் (முறிந்த உறவைச் சரிசெய்வதில்) நாம் சறுக்கும் இடங்கள்

ஒரு நண்பரோடு பேச்சு நின்றுபோய் எட்டு மாதம் ஆகியிருந்தது. சபையில் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து ஞாயிறுக்கு முந்தின இரவு மனசாட்சி குத்த, வாட்ஸ்அப்பில் தட்டினேன்: "பிரதர், என் பக்கம் தப்பு ஏதாவது இருந்தா மன்னிச்சிடுங்க. கர்த்தர் நல்லவர்." கூடவே ஒரு வசனப் படம். இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. நம் பங்கு முடிந்தது என்று மறுநாள் நிம்மதியாகப் போய் அப்பத்தில் பங்கெடுத்தேன்.

அவர் ஏன் பதில் போடவில்லை என்பது எனக்குப் புரிய வெகுநாள் பிடித்தது. "ஏதாவது", "இருந்தா" என்ற இரண்டு சொல்லுக்குள் நான் ஒளிந்துகொண்டிருந்தேன். செய்தது என்ன என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் நம்பிச் சொன்ன வீட்டு விஷயத்தை 'ஜெபக்குறிப்பு' என்ற பெயரில் நாலு பேர் காதில் போட்டிருந்தேன். அதை அப்படியே சொல்லிக் கேட்காத மன்னிப்பு, மன்னிப்பே இல்லை. இயேசு சொன்ன கதையில், சொத்தை அழித்துவிட்டு வீடு திரும்பும் கெட்டகுமாரன் தகப்பனிடம் "பாவஞ்செய்தேன்" என்றுதான் சொல்கிறான். "செய்திருந்தால்" என்று இழுக்கவில்லை. இயேசுவைச் சந்தித்து மனம் மாறிய வரி வசூலிப்பவன் சகேயு பேச்சில் "அநியாயமாய் வாங்கினதுண்டானால்" என்று வருகிறதே என்று யாராவது கேட்கலாம். வருகிறதுதான். ஆனால் அடுத்த மூச்சிலேயே நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று கணக்கும் வந்துவிடுகிறது. பணத்தை ஏமாற்றியவர் கண்ணீர் மட்டும் விட்டால் போதாது, பணத்தையும் கொடுக்க வேண்டும்.

அடுத்தது, "அவங்க முதல்ல வரட்டும்" என்று காத்திருப்பது. மத்தேயு 5-ம் அதிகாரத்தில், உன்பேரில் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால் காணிக்கையை வைத்துவிட்டு நீ போ என்கிறார் இயேசு. 18-ம் அதிகாரத்தில், உனக்கு விரோதமாக அவன் குற்றம் செய்தாலும் நீயே போ என்கிறார். ஆக, தப்பு யார் பக்கம் இருந்தாலும் எழுந்து போக வேண்டியது நாம்தான். முதல் பேச்சைக் கேட்டவர்கள் கலிலேயாவில் இருந்தார்கள். பலிபீடமோ எருசலேமில், நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டு ஊர் திரும்பி, சமாதானமாகி, மறுபடி போவதென்றால் எத்தனை நாள் நடை! கேட்டவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும்.

அந்த 18-ம் அதிகாரத்திலேயே போக வேண்டிய வரிசையும் இருக்கிறது. முதலில் நீயும் அவனும் தனியாக, பிறகு ஒன்றிரண்டு பேரோடு, கடைசியாகத்தான் சபை. நாம் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம். சபை முழுக்கத் தெரிந்த பிறகு, கடைசியாகச் சம்பந்தப்பட்டவருக்குத் தெரியவருகிறது.

எனக்கு மிக ஆபத்தாகத் தோன்றுவது, காயத்தைத் தொடாமலே கைகுலுக்க வைப்பது. தாவீதின் வீட்டைப் பாருங்கள். தாவீதின் மகன் அம்னோன், வேறு தாய்க்குப் பிறந்த தன் தங்கை தாமாரைக் கெடுத்தான். தாவீதுக்குக் கோபம் வந்தது, ஆனால் அவனைக் கண்டித்ததாக ஒரு வரியும் இல்லை. இரண்டு வருஷம் கழித்து தாமாரின் கூடப்பிறந்த அண்ணன் அப்சலோம் அம்னோனைக் கொன்றுவிட்டு கேசூர் என்ற அயல்நாட்டுக்கு ஓடி, மூன்று வருஷம் அங்கே இருக்கிறான். தாவீதின் படைத்தலைவன் யோவாப் நடுவில் புகுந்து அவனைத் திரும்ப அழைத்து வருகிறான். எருசலேமுக்கு வந்தும் இரண்டு வருஷம் ராஜாவின் முகத்தைப் பார்க்க அனுமதியில்லை. கடைசியில் ஒருநாள் அவன் வந்து தரையில் விழுகிறான், ராஜா முத்தமிடுகிறார். அவ்வளவுதான். தாமாரைப் பற்றி, அம்னோனைப் பற்றி அந்த அறையில் ஒரு வார்த்தை பேசப்பட்டதாக இல்லை. அடுத்த அதிகாரமே தகப்பனுக்கு எதிராக அப்சலோமின் கலகம். நம் சமாதானக் கூட்டங்கள் பலவும் இந்த முத்தம்தான். இருவரையும் எதிரெதிரே நிறுத்தி, ஒரு ஜெபம் ஏறெடுத்து, கையைக் கொடுக்க வைத்து, 'சாட்சி' ஆக்கிவிடுகிறோம்.

இதன் இன்னொரு முகம், அடிபட்டவர் தலையில் வசனத்தை வைப்பது. வீட்டில் அடி வாங்குகிற பெண்ணிடம் "ஏழெழுபதுதரம் மன்னிக்கச் சொல்லியிருக்கே, திரும்பிப் போம்மா" என்பது பெரும் பாவம் என்றே சொல்வேன். மன்னிப்பும் ஒப்புரவும் ஒன்றல்ல. மன்னிப்பை நான் தனியாகக் கர்த்தருடைய சமுகத்தில் கொடுத்துவிடலாம். ஒப்புரவுக்கு இரண்டு பேர் வேண்டும். தப்பு செய்தவர் மனந்திரும்ப வேண்டும். "கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்" என்றுதான் பவுலும் ரோமருக்கு எழுதுகிறார். அந்தக் 'கூடுமானால்' சும்மா வந்து விழுந்த சொல் இல்லை. அடிப்பவரிடமிருந்து விலகி, பாதுகாப்பான இடத்தில் இருந்துகொண்டே மன்னிக்கலாம். தேவைப்பட்டால் போலீசுக்கும் போகலாம். அது மன்னிப்புக்கு விரோதமாகாது.

சமாதானமானால் பழையபடி ஒன்றாக இருந்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. தன்னை ஏமாற்றி ஆசீர்வாதத்தைப் பறித்துக்கொண்டு ஓடிய தம்பி யாக்கோபு பல வருஷம் கழித்துத் திரும்பி வந்தபோது, ஏசா அவனைக் கட்டிக்கொண்டு அழுதான். அதன்பின் ஏசா சேயீருக்குப் போனான், யாக்கோபு சுக்கோத்துக்குப் போனான். வெகுகாலம் கழித்துத் தகப்பன் ஈசாக்கை அடக்கம்பண்ணும்போது இருவரும் சேர்ந்து நிற்கிறார்கள். அந்த அளவு உறவு அவர்களுக்குப் போதுமாயிருந்தது.

கடைசியாக, அவசரம். "அதான் மன்னிப்பு கேட்டுட்டேனே, இன்னும் என்ன?" என்று எரிச்சல்படுவது. மன்னிப்பு கேட்ட பிறகும் மற்றவருக்குப் பயம் போக நாளாகும். மன்னிக்கப்பட்டவருக்கும்தான். யாக்கோபின் மகன் யோசேப்பை அவன் சகோதரர்கள் அடிமையாக விற்றிருந்தார்கள். பிறகு எகிப்தில் அதிகாரியான அவன் தன்னை வெளிப்படுத்தி, அந்தச் சகோதரர்களைக் கட்டிக்கொண்டு அழுது, நல்ல நிலம் கொடுத்துக் குடியேற்றினான். யாக்கோபு எகிப்தில் பதினேழு வருஷம் வாழ்ந்து இறந்தார். தகப்பனை அடக்கம்பண்ணிவிட்டு வந்ததும் அந்தச் சகோதரர்களுக்குப் பழைய பயம் திரும்ப வந்துவிட்டது: இனி இவன் பழிவாங்குவானோ? நேரில் வரத் தைரியமில்லாமல் முதலில் ஆள் அனுப்பினார்கள். அதைக் கேட்டு யோசேப்பு அழுதான். "இத்தனை வருஷத்துக்குப் பிறகுமா?" என்று அவன் கேட்கவில்லை. பயப்படாதிருங்கள் என்று மறுபடியும் முதலிலிருந்து சொன்னான்.