வெட்டாமலே மரத்தைக் கொல்ற தப்பு

போன வாரம் வீடு கட்டற சைட் ஒண்ணுக்குப் போயிருந்தேன். ஜூனியர் ஒருத்தர், "அண்ணா, வேப்பமரத்தை வெட்டாம பிளான் போட்டுட்டோம் பாருங்க"ன்னு பெருமையா காட்டறார். பார்த்தா மரத்தைச் சுத்தி இடுப்பளவுக்கு கிராவல் கொட்டி ஜேசிபியால அமுக்கி வச்சிருக்கு. வயிறு எரிஞ்சுது, ஏன்னா இதையே நானும் ஒரு காலத்துல பண்ணவன்.

வெயில் பாத்து ஜன்னல் வைக்கறதெல்லாம் காலேஜ்லயே சொல்லிடறாங்க, அதை விடுங்க. வீடு கட்டும்போது மனைல நாம பண்ற தப்பை மட்டும் சொல்றேன்.

அடிமரத்தை மண்ணால மூடறது

ரோடு ஒசந்துடுச்சு, மனையை 3 அடி ஏத்துங்கன்னாங்க, ஏத்திட்டேன், மரத்தைத்தான் வெட்டலையேன்னு ஒரு நெனப்பு. ஆனா மரத்தோட உறிஞ்சு வேர் முக்கால்வாசி மேல் 2 அடி மண்ணுலதான் இருக்கு, கிளை விரிஞ்ச அளவையும் தாண்டி ஓடும், அதுக்குத் தண்ணி மட்டும் பத்தாது, காத்தும் வேணும், மேல மண்ணைக் கொட்டி அமுக்கினா அந்தக் காத்து அடைபட்டுடும். கொடுமை என்னன்னா உடனே தெரியாது. முதல் வருஷம் பச்சையா நிக்கும். அடுத்த பங்குனில ஊர்ல இருக்கற வேம்பெல்லாம் கொழுந்து விடும்போது இது மட்டும் நுனி காஞ்சு நிக்கும். அந்த நிழலை நம்பி மேற்குப் பக்கம் சன்ஷேடைக் குறைச்சிருந்தேன் வேற. மூணாம் வருஷம் மரம் போச்சு, வீட்டுக்கார அம்மா போன் பண்ணி "தம்பி, பெட்ரூம் அடுப்பாட்டம் கொதிக்குது"ன்னாங்க. கைக்காசு போட்டு சன்ஷேடு இழுத்துக் கொடுத்தேன்.

அடிமரத்தைப் பாருங்க. மண்ணைத் தொடற இடத்துல யானைக்கால் மாதிரி விரிஞ்சிருக்கணும். கம்பம் நட்டாப்ல நேரா உள்ள இறங்குச்சுன்னா யாரோ மூடியிருக்காங்க.

ஒசத்தணும்னா வீட்டை ஒசத்துங்க, மண்ணை விட்டுடுங்க. இலங்கைல தம்புள்ள பக்கத்துல ஆர்க்கிடெக்ட் ஜெஃப்ரி பாவா கட்டின கண்டலம ஹோட்டல், அவ்ளோ நீளக் கட்டடம், பாறைச் சரிவுல தூண் மேல நிக்குது, மழைத்தண்ணி அடியில அது பாட்டுக்குப் போகுது. நம்மாளுங்க கொடி படர்ந்த போட்டோவை மட்டும் ஸ்டேட்டஸ் வைக்கறாங்க, யாரும் குனிஞ்சு அடியில பாக்கறதில்ல.

காம்பவுண்டு வரைக்கும் பேவர் பிளாக்

தமிழ்நாட்டுல மழைநீர் சேகரிப்பு 2003லயே கட்டாயம் ஆயிடுச்சு. குழி தோண்டறாங்க, மூடியும் போடறாங்க, ஆனா வாசல் பூரா சிமெண்ட் கல்லைப் பதிச்சு தரை வாட்டத்தை மட்டும் ரோட்டுப் பக்கம் விட்டுடறாங்க, அப்புறம் தண்ணி எப்படி குழிக்கு வரும்!

கோனோகார்பஸ்

வேலியோரம் பச்சைச் சுவராட்டம் வளக்கற அந்த வெளிநாட்டு மரத்தை நடாதீங்க.

சித்திரைல மட்டும் சைட் பாக்கறது

ஐப்பசி மழைல ஒரு தடவை குடையோட போய் நில்லுங்க, தண்ணி எந்தப் பக்கம் போகுதுன்னு அதுவே காட்டும்.

அந்த ஜூனியர்கிட்ட அன்னைக்கே கிராவலை அள்ளச் சொல்லிட்டு வந்தேன். ஜேசிபி வேணாம், மம்முட்டிதான், வேர்ல படாம. கொட்டி இருபது நாள்தான் ஆச்சாம், பொழைச்சாலும் பொழைக்கும்.