ரெட்டை கார்புரேட்டர் டியூனிங்: எங்கே கை தவறுகிறது

பழைய பிரிட்டிஷ் கார்களான எம்.ஜி., டிரையம்ஃப் வண்டிகளில் வரும் எஸ்.யூ. கம்பெனி ரெட்டை கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து என்ஜினுக்கு அனுப்புவது) தொல்லை பிடித்தது என்று பெயர் எடுத்துவிட்டது. அது நியாயமில்லை. முறையாக வைத்தால் மாதக்கணக்கில் அசையாது. வேலூர்ப் பக்கம் மெக்கானிக்குகளின் கை அம்பாசடரிலும் ஃபியட்டிலும் பழகியது. இரண்டிலும் ஒற்றை கார்புரேட்டர்தான். அதே பழக்கத்தில் ரெட்டையைத் தொடும்போது சிக்கல் வருகிறது.

வண்டி ஸ்லோவில், அதாவது ஐட்லிங்கில், நடுங்கினால் உடனே கார்புரேட்டரைத் திருகுவதுதான் பெரிய தவறு. டேப்பெட் (வால்வு இடைவெளி), தீப்பொறி தரும் பிளக், பாயிண்ட், அதன் டைமிங் எல்லாம் சரியான பிறகே இங்கே வர வேண்டும். பட்டர்ஃபிளை ஸ்பிண்டிலை (காற்று வழியைத் திறந்து மூடும் தட்டின் தண்டு) பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் கைக்குத் தெரிந்தால் அந்த வழியாகக் காற்று இழுக்கிறது. தண்டு சுழலும் புஷ்ஷை மாற்றாமல் எவ்வளவு திருகினாலும் நடுக்கம் நிற்காது.

அடுத்து, இரண்டையும் இணைக்கும் கம்பியின் கிளாம்பைத் தளர்த்தாமல் ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருப்புவது. ஒன்றைத் தொட்டால் மற்றதும் நகரும், எது எவ்வளவு திறந்திருக்கிறது என்றே தெரியாது. கிளாம்பைத் தளர்த்தி, ஏர் ஃபில்டரைக் கழற்றி, ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறு முனையைக் கார்புரேட்டர் வாயிலும் வையுங்கள். இரண்டிலும் ஒரே இடத்தில் வைத்துக் கேட்க வேண்டும். 'உஸ்' சத்தம் இரண்டிலும் ஒன்றாகும்வரை ஸ்க்ரூவைச் சரிசெய்யுங்கள். அப்புறம் கிளாம்பை இறுக்கும்போது இரண்டும் ஒரே நேரத்தில் திறக்கிறதா என்று பாருங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒன்று முந்தித் திறந்தால், காலை வைத்ததும் வண்டி வெட்டி இழுக்கும்.

காற்று சமமான பிறகுதான் மிக்ஸர், அதாவது காற்று-பெட்ரோல் கலவை. எஸ்.யூ.வின் எச்.எஸ். வகையில் ஜெட்டுக்கு (பெட்ரோல் வரும் சிறு குழாய்) கீழே உள்ள ஆறுமுக நட்டு: கீழே இறக்கினால் பெட்ரோல் கூடும், மேலே ஏற்றினால் குறையும். முழுச் சுற்று சுற்றாதீர்கள். ஒரு முகம் திருப்பி, என்ஜினைக் கேட்டு, பிறகு அடுத்த முகம். கார்புரேட்டருக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கிப் பாருங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். என்ஜின் தடுமாறி அணைந்தால் குறைவு. லேசாக ஏறி உடனே பழையபடி வந்தால் சரி. சோக் கேபிள் (குளிரில் ஸ்டார்ட் செய்ய ஜெட்டை இறக்குவது) இறுக்கமாக இருந்து ஒரு ஜெட் மட்டும் கீழே தொங்கினால் இந்தச் சோதனையே பொய்யாகிவிடும், அதை முதலில் பார்த்துவிடுங்கள்.

சுத்தம் செய்யும்போது இரண்டின் பிஸ்டனையும் மேல்மூடியையும் கலந்துவிடக் கூடாது, அவை ஜோடி ஜோடியாக வந்தவை. எமரி பேப்பர் வேண்டவே வேண்டாம். மேல்மூடியை மாட்டிய பிறகு பிஸ்டனைத் தூக்கிவிட்டால் 'டொக்' என்று விழ வேண்டும். பிஸ்டன் சட்டென்று எகிறாமல் தடுக்கும் டேம்பரில் 20 கிரேடு ஆயில் போதும். கியர் ஆயில் ஊற்றினால் பிஸ்டன் மந்தமாகிவிடும்.

நம்ம ஊர் வெயிலையும் கணக்கில் எடுங்கள். மே மாத மத்தியானத்தில் வண்டியை நிறுத்திவைத்து நீண்ட நேரம் ஐட்லிங்கில் ஓட்டினால் ஃப்ளோட் அறையில் (கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் இடம்) பெட்ரோல் சூடேறி, வைத்த மிக்ஸர் எல்லாம் தப்பாகத் தெரியும். விடியற்காலையில், என்ஜின் சூடான பிறகு செய்யுங்கள்; சில நிமிஷத்துக்கு ஒரு முறை ஆக்சிலேட்டரைக் கொடுத்துத் தெளிய விடுங்கள். சைலன்சர் பக்கத்துச் சூட்டைத் தடுக்கும் தகட்டை வேலை முடிந்ததும் மாட்ட மறக்காதீர்கள். இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோலில் மிக்ஸர் மெலியும். அதனால் பழைய மேனுவல் சொல்லும் இடத்திலேயே நட்டை நிறுத்திவிடாமல், பிஸ்டன் சோதனையை நம்புங்கள். பழைய ரப்பர் குழாய்களையும் இந்தப் பெட்ரோல் அரிக்கும், மாற்றிவிடுங்கள்.

கடைசியாக பள்ளிகொண்டா வரை நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு பிளக்குகளைக் கழற்றுங்கள். நாலு சிலிண்டர் வண்டியில் முன் கார்புரேட்டர் முக்கியமாக 1, 2-க்கும், பின்னது 3, 4-க்கும் ஊட்டுகிறது. நாலும் இளம்பழுப்பு என்றால் வேலை முடிந்தது. முதல் இரண்டு மட்டும் கரி படிந்திருந்தால், முன் நட்டை மட்டும் ஒரு முகம் மேலே ஏற்றிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.